ஸ்டுட்கார்ட்டில் கீழ் வீட்டு அம்மா கதவில் ஒட்டிய சீட்டு: எங்களைப் பிடிக்கவில்லையா?

கோடைமழை:
எல்லோருக்கும் வணக்கம். நான், கணவர், நான்கு வயது மகன் மூவரும் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. தளத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் ஆறு வீடுகள் உள்ள கட்டடம். போன ஞாயிறு அலமாரி மாட்டுவதற்காகக் கணவர் சுவரில் நான்கு துளை போட்டார், அவருக்கு அன்றுதான் லீவு. சாயங்காலம் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சீட்டு. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை துளை போடக் கூடாது, படிக்கட்டில் செருப்பு வைக்கக் கூடாது, போன வாரம் உங்கள் முறை, படி துடைக்கவில்லை. கீழே பெயர், கையெழுத்து.

என்ன முறை என்றே எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, போன வாரம் எங்கள் கதவுப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது, யாரோ வீடு மாறி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து எதிர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து கீழ்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே வெளியே போகத் தயக்கமாக இருக்கிறது. மகன் வீட்டுக்குள் ஓடினால் அதட்டுகிறேன், அதுதான் எனக்கே தாங்கவில்லை. தினமும் படியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறவர், ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாமே? எங்களைப் பிடிக்கவில்லையா, இல்லை இங்கே எல்லோரும் இப்படித்தானா?

நெக்கர்க்கரை:
தங்கை, பதறாதீர்கள். நான் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது, முதல் வருடம் எனக்கும் இதே மாதிரி மூன்று சீட்டு வந்தது.

அந்தப் பலகைக்குப் பெயர் கேர்வொக்கே, கூட்டிப் பெருக்கும் வாரம். ஸ்டுட்கார்ட் இருக்கும் இந்த ஷ்வாபியப் பகுதியில் ரொம்பப் பழைய வழக்கம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் தங்கள் தளத்திலிருந்து அதற்கு அடுத்த கீழ்த் தளம் வரை படியைக் கூட்டித் துடைத்துவிட்டு, வாரக் கடைசியில் பலகையை அடுத்த வீட்டுக்கு மாட்ட வேண்டும். தளத்துக்கு இரண்டு வீடு என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் உங்களுக்கு வரும். வாடகை ஒப்பந்தத்தோடு பின் அடித்த வீட்டு விதித் தாள் ஒன்று இருக்கும், அதில் பாருங்கள், பெரும்பாலும் எழுதியிருக்கும். நாம் யாரும் அந்தத் தாளைப் படிப்பதில்லை.

ஞாயிறு விஷயம் இன்னும் ஆழமானது. ஞாயிறு ஓய்வு நாள் என்று ஜெர்மனியின் பழைய 1919 வைமார் அரசியல் சட்டத்தில் எழுதிய வரியை, 1949இல் வந்த இன்றைய அரசியல் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால்தான் கடைகள் மூடியிருக்கின்றன, கண்ணாடி பாட்டிலைக்கூட அன்றைக்குத் தெருத் தொட்டியில் போடக் கூடாது. வாரம் முழுக்க ஓடியவர்களுக்கு அந்த ஒரு நாள் அமைதிதான் சொத்து. இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் அப்படித்தான்.

பெயர் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? விஷயத்தை உங்களோடேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத்தான் உங்கள் கதவில் ஒட்டியிருக்கிறார். வேண்டாதவராக நினைத்திருந்தால் வீட்டு உரிமையாளருக்கு நேராகக் கடிதம் போயிருக்கும். இந்த ஊர்க்காரர்கள் தப்பை மட்டும் சொல்வார்கள், கூட ஒரு இனிப்பான வார்த்தை சேர்க்க மாட்டார்கள், அது நமக்கு அடி மாதிரி விழுகிறது. போய் மணியடித்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லுங்கள் போதும்.

பனிமலர்:
அண்ணா சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் எல்லாவற்றையும் தலையாட்டி ஏற்க வேண்டியதில்லை. துளை, படி, செருப்பு மூன்றும் நியாயமான புகார். படிக்கட்டு தீ விபத்தில் ஓடும் வழி, அங்கே செருப்பு இருக்கக் கூடாதுதான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை பகலில் வீட்டுக்குள் ஓடுவது வேறு. சீட்டில் அவனைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையே. குழந்தைகள் காப்பகத்திலும் விளையாட்டுத் திடலிலும் எழும் பிள்ளைச் சத்தத்தைப் பொதுவாகத் தொந்தரவாகக் கருதக் கூடாது என்று 2011இல் சட்டமே திருத்தினார்கள். வீட்டுக்குள்ளும் பிள்ளைகள் விளையாடும் சாதாரணச் சத்தத்தை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான நிலை. இரவில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காததற்கெல்லாம் பயந்து பிள்ளையை ஒடுக்காதீர்கள். நான் இரண்டு வருடம் அப்படிச் செய்தேன், என் மகள் நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டாள். அதை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழிப்போக்கன்:
ஒன்றே ஒன்று. ஜெர்மனில் பேசும்போது 'டூ' (நீ) வேண்டாம், 'ஸீ' (நீங்கள்) போட்டே பேசுங்கள். வயதில் மூத்தவர் அவராகச் சொன்ன பிறகு 'டூ'வுக்கு மாறலாம்.

கோடைமழை:
எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் மகனையும் கூட்டிக்கொண்டு போய் மணியடித்தேன். எழுதி மனப்பாடம் செய்த நான்கு வரி, இரண்டாவது வரியிலேயே தடுமாறிவிட்டது. அந்த அம்மா உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, படியில் என்னோடு நின்று, எந்தப் படியிலிருந்து எந்தப் படி வரை எங்களுடையது என்று விரலால் காட்டினார். கைப்பிடியையும் துடைக்க வேண்டுமாம். சீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மகன் ஓடுவது கேட்கிறதா என்று நானாகவே கேட்டேன், கேட்கிறது, அதனால் என்ன என்றார். சிரிக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஒரு சந்தேகம், நுழைவாயில் பக்கம் வேறொரு பெரிய பலகையும் பார்த்தேன், அதுவும் எங்களுக்கு வருமா?

நெக்கர்க்கரை:
வரும். அது பெரிய கேர்வொக்கே, ஆறு வீட்டுக்கும் சுற்றி வரும். நிலவறைப் படி, வாசல், முன்னால் உள்ள நடைபாதை எல்லாம் அதில் சேரும். பனிக்காலத்தில் உங்கள் வாரம் வந்தால் வார நாட்களில் காலை ஏழு மணிக்குள் நடைபாதைப் பனியைத் தள்ள வேண்டியிருக்கும், பனி வாரும் பலகை நிலவறையில் இருக்கிறதா என்று அந்த அம்மாவிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.