பெரிய வீடு 🏠 (குடும்பக் குழு): மோட்டார் போட்டா கரண்ட் போகுது

[இரவு 7:42] சுமதி: யாராச்சும் இருக்கீங்களா? மோட்டார் போட்டா வீடு முழுக்க கரண்ட் போயிடுது. மேல டேங்க்ல அடி தெரியுது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்து எறங்கப் போறீங்க

[7:42] தினேஷ்: மோட்டாரைக் கிளப்புற கண்டென்சர் போயிருக்கும் அத்தை

[7:43] ராணி: சுமதி, ஞாயிறு காலைலயா சாயந்தரமா? இவர் ஒண்ணு சொல்றார், நீ ஒண்ணு சொல்ற

[7:43] தினேஷ்: கண்டென்சர்தான்

[7:44] மூர்த்தி: சுமதி, பெட்டியில எது விழுந்திருக்கு? வரிசையா இருக்கிற சின்ன கட்டையா, இல்ல டெஸ்ட் பட்டன் வெச்ச அகலமானதா?

[7:45] சுமதி: எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு அண்ணா

[7:45] மூர்த்தி: போட்டோ எடுத்துப் போடு

[7:47] சுமதி: 📷 புகைப்படம்

[7:47] வாணி: அம்மா இது உன் கட்டைவிரல்

[7:47] தினேஷ்: 😂😂

[7:48] பாஸ்கர்: அக்கா, மோட்டாருக்கு இருக்கிற 16 ஆம்பியர் எம்சிபியை, ஜாஸ்தி கரண்ட் போனா விழுமே அந்தச் சின்ன கட்டையை, கழட்டிட்டு 32 போடச் சொல்லு. முடிஞ்சுது வேலை

[7:53] மூர்த்தி: பாஸ்கர், தயவுசெஞ்சு இப்படியெல்லாம் குரூப்ல எழுதாத. எவனாவது படிச்சுட்டு செஞ்சுடுவான். எம்சிபி மோட்டாரைக் காப்பாத்த வெச்சது இல்ல. சுவத்துக்குள்ள போற வயரைக் காப்பாத்த வெச்சது. அங்க ஓடுறது 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர். 32 போட்டா வயர் சூடேறி உறை இளகினாலும் அந்தக் கட்டை பேசாம நிக்கும். நம்ம மோட்டார் 1 எச்பி. அதாவது 746 வாட், ஆனா அது தண்டு குடுக்கிற சக்தி. லைன்ல இருந்து இழுக்கிறது அதைவிட ஜாஸ்தி, ஓடும்போது 6, 7 ஆம்பியர். கிளம்புற நொடியில அதைப்போல ஆறு மடங்கு, 40-னு வெச்சுக்கோ. நம்ம கட்டையில 'சி 16'-னு போட்டிருக்கும். 'சி' ரகம் தன்னோட 16-ல 5 மடங்குக்குக் கீழ, அதாவது 80 ஆம்பியருக்குக் கீழ, உடனடியா விழாது. அந்தக் கணக்குல 16 தாராளம்.

[7:53] தினேஷ்: 👍

[7:54] வாணி: பெரிய மாமா வாய்ஸ் போடுங்களேன், கண்ணு வலிக்குது

[7:54] மூர்த்தி: வாய்ஸ் போட்டா யார் கேக்கிறீங்க

[7:55] பாஸ்கர்: சும்மா ஒரு யோசனை சொன்னேன். நான் வாங்கிக் குடுத்த மோட்டார்ங்கிறதால என்ன ஆனாலும் என் தலையில விழும்னு தெரியும்

[7:55] ராணி: இப்ப யார் உங்க மோட்டாரைச் சொன்னா

[7:56] பாஸ்கர்: யாரும் சொல்லல அண்ணி

[7:57] சுமதி: 📷 புகைப்படம்

[7:58] வாணி: இது தெளிவா இருக்கு. சின்னதெல்லாம் மேல இருக்கு. அகலமா ஒண்ணு இருக்கே, அதுதான் கீழ விழுந்திருக்கு. 30 மில்லி ஆம்ப்னு போட்டிருக்கு

[8:01] மூர்த்தி: அப்ப அது ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா இறங்குற கட்டை. விஷயமே வேற. கண்டென்சர் போயிருந்தா மோட்டார் சுத்தாம உம்ம்னு முனகும், சில நொடி கழிச்சு எம்சிபி விழும். தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர் சிக்கியிருந்தாலும் அப்படித்தான். 15, 20 நிமிஷம் நல்லா ஓடிட்டு விழுந்தா பேரிங் இறுக்கம், லோ வோல்டேஜ், இல்ல கட்டையிலயே லூஸ் கனெக்‌ஷன். போட்ட வேகத்துல டப்புனு எம்சிபி விழுந்தா ஷார்ட். இது எதுவுமே இல்ல. ஆர்சிசிபி எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு பாக்காது. பேஸ்ல போனது அப்படியே நியூட்ரல்ல திரும்பி வருதான்னு மட்டும் பாக்கும். அந்த 30 மில்லி ஆம்ப், அதாவது 0.03 ஆம்பியர், எங்கயாவது வழி மாறிப் போச்சுன்னா இறங்கிடும். அந்த வழி ஒரு மனுஷனோட உடம்பா இருக்கலாம், அதனாலதான் அதை வெச்சது.

[8:02] தினேஷ்: அப்ப கண்டென்சர் இல்லையா

[8:02] மூர்த்தி: இல்ல

[8:03] பாஸ்கர்: எர்த்துக்குக் கரண்ட் கசியுதுன்னா வயரிங்ல இருக்கும். வீடு கட்டும்போது வயரிங் யார் நின்னு பார்த்ததுன்னு நான் சொல்ல வேண்டாம்

[8:03] மூர்த்தி: சொல்லிட்டியே

[8:04] பாஸ்கர்: ஞாயிறு முடியற வரைக்கும் அந்த அகலமானதை பைபாஸ் பண்ணிட்டு ஓட்டுங்க. எல்லாரும் செய்யறதுதான்

[8:04] மூர்த்தி: 80 வயசு அம்மா ஈரக் கையோட சுவிட்ச் போடுற வீடு டா அது

[8:05] பாஸ்கர்: சரி சரி

[8:06] சுமதி: நேத்து அயர்ன் பாக்ஸ் போட்டப்பவும் ஒரு தடவை போச்சு. அப்புறம் வாணி, அந்த ஏணி தினேஷ் வீட்டுலயா இருக்கு? டேங்க்ல ஏறிப் பாக்கணும்

[8:06] தினேஷ்: எங்ககிட்ட இல்ல அத்தை

[8:06] ராணி: ஏணி போன வருஷமே திருப்பிக் குடுத்தாச்சு

[8:07] சுமதி: யார்கிட்ட அண்ணி?

[8:07] மூர்த்தி: ஏணியை விடுங்க!! சுமதி, அயர்ன் பாக்ஸ்னு சொன்னியே, அப்ப மோட்டார் ஓடிட்டு இருந்துச்சா?

[8:08] சுமதி: இல்ல அண்ணா. மோட்டார் சுவிட்ச் ஆஃப்

[8:08] மூர்த்தி: இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி எழுதியிருக்கவே மாட்டேன்

[8:08] வாணி: எழுதியிருப்பீங்க

[8:12] மூர்த்தி: கவனமா கேளு. பெருசா கரண்ட் இழுக்கிற எதைப் போட்டாலும் விழுதுன்னா, தப்பு அந்தப் பொருள்ல இருக்கணும்னு அவசியமில்ல. வேற எங்கயோ ஒரு இடத்துல நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கு. நியூட்ரல்ல கரண்ட் கம்மியா ஓடும்போது ஒண்ணும் தெரியாது. மோட்டார் 7 ஆம்பியர் இழுத்ததும், அதுல துளி அந்த எர்த் வழியா நழுவுது. ஆர்சிசிபிக்கு அந்தத் துளி போதும். இன்னொண்ணு, சுவிட்ச் ஆஃப் பண்ணினா பேஸ் மட்டும்தான் அறுபடும். நியூட்ரல் அப்படியே சேர்ந்து இருக்கும். அதனால ஆஃப்ல இருக்கிற சாமான்கூட விழ வைக்கும். சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு, கை ஈரமில்லாம, செருப்பு போட்டுக்கிட்டு, பிளக் எல்லாத்தையும் உருவு. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, பாத்ரூம் ஹீட்டர், எல்லாம். அப்புறம் ஆர்சிசிபியை மேல தூக்கி ஆன் பண்ணிட்டு மோட்டாரைப் போடு

[8:13] சுமதி: எல்லாத்தையுமா

[8:13] மூர்த்தி: எல்லாத்தையும்

[8:15] ராணி: அப்ப காலைலதானே ஞாயிறு?

[8:16] வாணி: சாயந்தரம்னு நெனச்சேன் அத்தை. நான் டிக்கெட் அப்படித்தான் போட்டிருக்கேன்

[8:16] ராணி: சரியாப் போச்சு

[8:29] சுமதி: ஓடுது!!!

[8:29] தினேஷ்: 👏👏

[8:30] பாஸ்கர்: மோட்டார் மேல தப்பில்லன்னு எழுத்துல இருக்கட்டும்

[8:30] மூர்த்தி: வயரிங் மேலயும் இல்ல. அதுவும் எழுத்துல இருக்கட்டும். சுமதி, இப்ப மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கா சொருகு, சுவிட்ச் போடாம. எது சொருகினதும் விழுதுன்னு சொல்லு

[8:38] சுமதி: ஃப்ரிட்ஜ் சரி. மெஷின் சரி. மிக்ஸி சரி. ஹீட்டர் பிளக்கைச் சொருகினேன், டப்

[8:39] வாணி: ஐயோ அது நான் பாட்டிக்கு வாங்கிக் குடுத்தது 😐

[8:39] பாஸ்கர்: 😄😄😄

[8:43] மூர்த்தி: ஹீட்டர்னா உள்ள சூடாகிற எலிமெண்ட்தான். வெளிக் குழாய்ல மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கும். உள்ள கம்பியைச் சுத்தி இருக்கிற வெள்ளைப் பொடி ஈரத்தை இழுத்துக்கும், கரண்ட் பாடிக்குக் கசியும். விரிசல் நியூட்ரல் முனைப் பக்கம் இருந்தா இந்த மாதிரிதான் ஆஃப்ல இருந்தே விளையாட்டு காட்டும். எலிமெண்ட் மாத்தினா போதும், முழு ஹீட்டரும் வேண்டாம். அதுவரைக்கும் பிளக்கை வெளியிலயே வை. சொருகி வெச்சு சுவிட்சை மட்டும் ஆஃப் பண்றது கணக்குல சேராது

[8:44] வாணி: புதுசாவே வாங்கிடலாம் மாமா

[8:44] மூர்த்தி: எதுக்கு? எலிமெண்ட் தனியா கிடைக்கும்

[8:44] ராணி: அவ வாங்குறேன்னா வாங்கட்டுமே

[8:45] சுமதி: அம்மாவுக்கு நாளைக்குக் காலைல குளிக்க வெந்நீர்?

[8:45] ராணி: அடுப்புல வை

[8:46] பாஸ்கர்: அண்ணே, எதுக்கும் இன்சுலேஷன் அளக்கிற மெகர் மீட்டர் வெச்சு மோட்டாரையும் ஒரு தடவை பாக்கச் சொல்லலாமா? 500 வோல்ட் குடுத்துப் பாத்தா மோட்டாருக்கு 1 மெகோமுக்கு மேல வரணும் இல்ல

[8:47] மூர்த்தி: உனக்கு இதெல்லாம் தெரியுமா

[8:47] பாஸ்கர்: தெரியும்

[8:48] மூர்த்தி: பாக்கலாம். நல்லதுதான். எலக்ட்ரீஷியனை யார் கூப்பிடுறது?

[8:49] வாணி: தினேஷ் பக்கத்துலதானே இருக்கான்

[8:52] தினேஷ்: நாளைக்கு எனக்கு மீட்டிங். சாயந்தரம் முடிஞ்சா பாக்கிறேன்

[8:53] சுமதி: முடிஞ்சான்னா?

[8:58] பாஸ்கர்: வெள்ளிக்கிழமை நானே பேசுறேன் அக்கா. நம்பர் யார்கிட்ட இருக்கு