திரும்பத் திரும்ப ஸ்ட்ரோக், கட்டியே இல்லை: லிம்போமாவா?

கேள்வி: மாமாவுக்கு 67 வயது. ஸ்ட்ரோக்குக்கு மருந்து கொடுத்தும் எம்ஆர்ஐயில் புதுப்புது இடங்களில் அடைப்பு தெரிகிறது, பேச்சு குழறுகிறது, காய்ச்சல் வேறு. ரத்தக்குழாய்க்குள் வரும் லிம்போமாவோ (நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய்) என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். கழுத்தில், அக்குளில் கட்டியே இல்லையே?

பதில் 1: பெரும்பாலும் இருக்காது, அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். புற்றணுக்கள் நுண்குழாய்களுக்குள்ளேயே தங்கி அடைப்பதால் வலிப்பு, மறதி, கால் மரத்துப்போவது என்று எதுவும் வரலாம். ரத்தத்தில் எல்டிஎச் (அணுக்கள் சிதையும்போது கூடும் ஒரு நொதி) பார்த்தீர்களா?

கேட்டவர்: ரொம்ப அதிகம்.

பதில் 2: அப்படியானால் தோல் பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) பற்றிக் கேளுங்கள். பார்வைக்குச் சாதாரணத் தோலாக இருந்தாலும் அதன் நுண்குழாய்களில் அந்த அணுக்கள் இருக்கலாம்; தொடை, வயிறு என்று சில இடங்களில் கொழுப்பு அடுக்குவரை ஆழமாக எடுக்க வேண்டும், மேலாகச் சுரண்டினால் பிரயோஜனமில்லை. முடிந்தால் ஸ்டீராய்டுக்கு முன்பே, அப்புறம் அணுக்கள் சிக்காமல் போகலாம்.

பதில் 1: உறுதியானால் ஆர்-சாப் என்ற கூட்டு மருந்து கீமோ, மூளைக்காக மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தும் சேர்ப்பார்கள்.