புதுப்பிப்பு: ஏர் ரைஃபிளில் பெல்லட் தளர்வாக அமர்ந்த சிக்கல் தீர்ந்தது

பாளையங்கோட்டையில் பயிற்சிக்குப் பயன்படுத்தும் எனது 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் (காற்றழுத்தத் துப்பாக்கியில்) பெல்லட்டுகள், அதாவது சிறு ஈயக் குண்டுகள், தளர்வாக அமர்வதையும், 10 மீட்டர் இலக்கில் அவை சிதறுவதையும் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பேரலை (துப்பாக்கிக் குழலை) சுத்தம் செய்தும் சிதறல் குறையவில்லை. பலன் தந்தது தென்காசி அண்ணாச்சி சொன்ன வழிதான்: காற்றழுத்தம் ஏற்றாத ரைஃபிளில் ஒரு பெல்லட்டை வைத்து, சுத்தம் செய்யும் கம்பியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்துப் பார்த்தேன். 4.50 மி.மீ. தலை (முன்பகுதி) கொண்ட பெல்லட்டில், பேரலின் உட்புறச் சுருள் வரிகளின் தடம் ஒருபுறம் மட்டுமே பட்டிருந்தது, 4.52 மி.மீ. பெல்லட்டில் சுற்றிலும் சீராகப் பதிந்திருந்தது. பெல்லட்டின் தலை பேரலின் உள்மேடுகளைத் தொட்டு நடுவாகச் செல்ல, மெல்லிய பின்விளிம்பு காற்றழுத்தத்தால் விரிந்து பள்ளங்களை அடைத்துக்கொள்ள வேண்டும். தலை சிறுத்தால், பின்விளிம்பு சரியாக அடைத்தாலும் பெல்லட் சற்றே சாய்ந்து பயணிக்கிறது. 4.52க்கு மாறியதும் சிதறல் தெளிவாகச் சுருங்கியது.

எதிர்பாராதது ஒன்று: சுத்தம் செய்த பேரலில், ஈயம் மீண்டும் மெல்லப் படியும் வரை, முதல் சில பெல்லட்டுகள் விலகியே விழுகின்றன. ஆகவே அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் பெல்லட்டின் தலை அளவுகளை ஒப்பிடுங்கள். ஒரே மாடல் ரைஃபிள்களிலும் பேரலின் உள்ளளவு நுண்ணளவில் மாறக்கூடும் என்பதால், 4.52 எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.