மாடி சோலார்: மிச்ச கரண்டுக்குக் காசு கேட்பது தப்பா?

கொலுசுப்பட்டறை:
சேலம் அழகாபுரத்தில் சொந்த வீடு. போன வருஷம் மொட்டைமாடியில் 3 கிலோவாட் ஆன் கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த சோலார்) போட்டேன். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய் வந்தது, அதில் குறை இல்லை. மத்தியானம் மீட்டர் முன்னால் போய் நின்றால் ஏற்றுமதி எண், அதாவது வெளியே லைனுக்குப் போகும் யூனிட், ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பில்லில் வருவது வெறும் கணக்குதான். மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகிறதாம். இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சானுக்கு மாடி கரண்டுக்கு வங்கியில் பணமே விழுகிறது. என் மாடியில் விளைந்ததற்கு எனக்கு ஏன் காசு இல்லை?

மீட்டர்தாத்தா:
தம்பி, மச்சான் எந்த வருஷம் பேனல் போட்டார்? அதைக் கேட்டுவிட்டு வாருங்கள். அங்கே 2010 ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கி, 2019 மார்ச்சோடு புதியவர்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள். 2020 ஜனவரியிலிருந்து வேறு ஏற்பாடு. பெரிய மின் விற்பனை நிறுவனங்கள் வீட்டுக் கரண்டை வாங்கியே ஆக வேண்டும், ஆனால் விலை அவரவர் இஷ்டம். சுழியத்துக்கு மேல் இருந்தால் போதும் என்பதுதான் விதி.

கொலுசுப்பட்டறை:
கேட்டேன் ஐயா. 2011. யூனிட்டுக்கு 40 பென்ஸுக்கு மேல், 25 வருஷத்துக்கு. அதுவும் வெளியே அனுப்பியதற்கு மட்டும் இல்லை, வீட்டிலேயே செலவழித்த யூனிட்டுக்கும் சேர்த்து!

மீட்டர்தாத்தா:
அதேதான். அன்று உற்பத்திக்கே காசு. ஏற்றுமதியைத் தனியாக அளக்க மீட்டர் இல்லாத வீட்டில், பாதி வெளியே போனதாக வைத்துக்கொண்டு அதற்கும் கொடுத்தார்கள். பேனல் யானை விலை விற்ற காலம், ஆள் பிடிக்க அப்படிக் கொடுத்தார்கள். இன்று அங்கே புதிதாகப் போடுகிறவர் பொதுவாக விற்பது குறைந்த விலைக்கு, வாங்குவது கூடுதல் விலைக்கு. உங்களுக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிகிறது. இதைவிட நல்ல விலை எது?

தறிச்சத்தம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அந்த 40 பென்ஸ் யார் வீட்டுப் பணம்? அங்கே எல்லாருடைய மின் பில்லிலும் சேர்த்துத்தான் வசூலித்தார்கள். மாடி இல்லாதவன் மாடி இருப்பவனுக்குக் கொடுத்த காசு அது. நான் அம்மாப்பேட்டையில் வாடகை வீடு, தறி ஓட்டுகிறவன். எனக்கு ஏது கூரை?

கொலுசுப்பட்டறை:
அண்ணே, நான் 40 பென்ஸ் கேட்கவில்லை. மிச்சத்துக்கு ஒரு விலை வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மீட்டர்தாத்தா:
சரி, விலையைப் பேசலாம். பேனல் போடும் முன் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியது?

கொலுசுப்பட்டறை:
620 பக்கம். வெயில் காலத்தில் கூடும்.

மீட்டர்தாத்தா:
பேப்பரும் பேனாவும் எடுங்கள். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்கு பில் சுமார் 1,840 ரூபாய். 620 யூனிட்டுக்கு சுமார் 3,130. நடுவில் 120 யூனிட்தான், ஆனால் 1,290 ரூபாய் வித்தியாசம். 500-ஐத் தாண்டினால் மேல் ஸ்லாப் (கட்டண அடுக்கு) விலை மட்டும் ஏறுவதில்லை, 101-லிருந்து 200 வரை 2.35 ரூபாய் என்கிற சலுகையும் போய்விடுகிறது. ஆகவே நீங்கள் மிச்சப்படுத்திய அந்த 120 யூனிட், ஒவ்வொன்றும் பத்தேமுக்கால் ரூபாய். எந்த மச்சான் ஊரில் இந்த விலை கிடைக்கும்?

இப்போது பேனல் பக்கம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வையுங்கள். 2 கிலோவாட் போட்டிருந்தால் இரண்டு மாதத்தில் 480. 620-ல் கழித்தால் 140. அதில் 100 இலவசம், மிச்சம் 40-க்கு 94 ரூபாய். யூனிட் கட்டணத்தில் 3,130 கட்டியவர் 94 கட்டுவார். மூன்றாவது கிலோவாட் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த 94 ரூபாய் மட்டும்தான். அதற்கு மானியமும் 18,000தான், முதல் இரண்டுக்கும் 30,000 வீதம் கொடுத்தார்கள். இவ்வளவு போதும் என்று அதிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது.

கொலுசுப்பட்டறை:
பேனல் போட வந்த ஆள் ஒருத்தரும் இதைச் சொல்லவில்லையே! "மூணே போட்டுடுங்க சார், முழு மானியம்" என்றார்.

மலைக்காப்பி:
ஏற்காட்டிலிருந்து. எனக்கும் 3 கிலோவாட்தான், அந்த 4 யூனிட் கணக்கெல்லாம் மலையில் எல்லா மாதமும் செல்லாது. மார்ச், ஏப்ரலில் அருமை. குளிர்ச்சி பேனலுக்கு நல்லது, சூடு ஏற ஏற உற்பத்தி இறங்கும். ஆனால் மழைக்காலத்தில் காலை பத்து மணிவரை மூடுபனி. காப்பிக்கு நிழல் தரும் சவுக்கு உயரத்துச் சில்வர் ஓக் ஒன்று, மூன்று மணிக்கே கடைசிப் பேனலின் மூலையில் நிழலைப் போடும். கையளவு நிழல், ஆனால் அந்த வரிசை முழுக்கத் தொங்கிவிடும். மரத்தை வெட்ட மனசு வரவில்லை.

இன்னொன்று. காற்றில் மரம் விழுந்து லைன் போனால், நல்ல வெயிலிலும் வீட்டில் கரண்ட் இல்லை. ஆன் கிரிட் அப்படித்தான் நின்றுவிடும். மாடியில் விளைச்சல், வீட்டில் மெழுகுவத்தி.

மீட்டர்தாத்தா:
அது நின்றாக வேண்டும் அம்மா. கம்பத்தில் ஏறியிருப்பவன் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பான். உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் போனால் அவன் கதி? இருட்டில் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் வைக்க வேண்டும், செலவு வேறு.

கொலுசுப்பட்டறை:
ஐயா, 94 ரூபாய்க் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மிச்ச யூனிட்டை பக்கத்து வீட்டு ஏசி குடிக்கிறது, அவரிடம் பில் வசூல் ஆகிறது. அந்தக் காசு?

மீட்டர்தாத்தா:
மே மாதம் சேலத்தில் மாம்பழம் என்ன விலை? எல்லார் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் பழுக்கும். பகல் பன்னிரண்டு மணி கரண்ட் அந்த மாதிரி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே விளக்கும் மிக்சியும் டிவியும் போடும்போது உங்கள் பேனல் தூங்குகிறது, மேட்டூர் மின் நிலையம்தான் முழித்திருக்கிறது. பகலில் கொடுத்த மலிவு யூனிட்டுக்கு ராத்திரி விலையுள்ள யூனிட்டை ஒன்றுக்கு ஒன்று திருப்பித் தருகிறார்கள். இதற்கு மேல் காசும் வேண்டுமா?

கொலுசுப்பட்டறை:
மாம்பழம் மலிந்தாலும் கூடைக்காரர் காசு கொடுத்துத்தானே ஐயா எடுக்கிறார்? சும்மா எடுத்துக்கொண்டு "அடுத்த சீசனில் கழித்துக்கொள்" என்றா சொல்கிறார்?

மலைக்காப்பி:
😄 தாத்தா, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மீட்டர்தாத்தா:
மாட்டிக்கொண்டேன். சரி, கழித்தது போக மிஞ்சியதற்கு மலிவு விலையாவது ரொக்கமாகக் கொடுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜெர்மனிக்காரன் 2000-த்தில் போட்ட சட்டத்தில் விலையை 20 வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தான். விலை பெரிதோ சிறிதோ, தெரிந்திருந்தால் கணக்குப் போடலாம். ஆனால் வாங்குகிற விலைக்கே விற்பேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் யார் செலவு?

தறிச்சத்தம்:
நீங்கள் இரண்டு பேரும் ரொக்கமா கழிவா என்று பேசி முடியுங்கள். டெல்லியில் 2019-லேயே விதி வந்துவிட்டது: பேனல் ஒரு இடத்தில், கழிவு பல வீட்டு பில்லில். தன் தலைக்கு மேல் கூரை இல்லாதவனும் பங்கு வைக்கலாம். அதை இங்கே கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் வீட்டு ஓனர் சித்திரையில் மாடியில் பேனல் போட்டார். எங்கள் நாலு குடித்தனத்துக்கும் சப் மீட்டர். அப்போதும் யூனிட் எட்டு ரூபாய், இப்போதும் எட்டு ரூபாய். போன மாதம் மாடியில் துணி காயப்போடப் போனால், "பேனல் மேல நிழல் விழும், கீழேயே காயப்போடுங்க" என்கிறார்.