‘முன்பு’, ‘இப்போது’ ஒரே தாளில்: பயிற்சி பலித்ததா என்று இதை வைத்தா சொல்வது?

நிறைகோல்:
பொது சுகாதார அலுவலர்களுக்கான மேலாண்மைப் பயிற்சியை மதிப்பிட, கடைசி நாள் மாலையில் ஒரே தாளில் ‘முன்பு’, ‘இப்போது’ என்று இரண்டு கட்டம் போட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டாலே போதும் என்று வழித்துணை எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்து நாள் பாடம் கேட்டவர், பயிற்றுநர் எதிரில் நிற்கும்போது ‘முன்பு 4, இப்போதும் 4’ என்று எழுதுவாரா? முன்பு என்பதை 2 ஆக்கிவிட்டு இப்போது 4 போடுவார். அந்த வித்தியாசம் பயிற்சி தந்ததல்ல, தாள் தந்தது.

வழித்துணை:
பாதியைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்துவிட்டீர்கள். முதல் நாள் காலையில் ‘பட்ஜெட் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கத் தெரியுமா’ என்று கேட்டால் 4 போடுவார்கள். ஒதுக்கீடு, செலவு, மீதம் மூன்றையும் மாதவாரியாக எழுதிப் பார்த்த பிறகுதான் தெரியாதது எவ்வளவு என்று உறைக்கும். கடைசி நாளில் அதே ஆள் 3 போடுவார். கற்றுக்கொண்டவருக்கு மதிப்பெண் குறைகிறது! அளவுகோலே நடுவில் மாறும் இந்தச் சிக்கலை உளவியலாளர் ஜார்ஜ் ஹோவர்டு 1979லேயே எழுதியாயிற்று. ஒரே தாள் அதற்குத்தான்: முன்பையும் இப்போதையும் ஒரே அளவுகோலால் அளக்க.

நிறைகோல்:
ஹோவர்டு பேரைச் சொன்னால் வாயை மூடிக்கொள்வோம் என்று நினைப்பா? அளவுகோல் மாறுகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வைத்தியம் இன்னொரு கட்டம் அல்ல, வேலை. மூன்று மாத தடுப்பூசி இருப்புப் பதிவேட்டைக் கையில் கொடுங்கள், வேண்டுமென்றே நாலு பிழையோடு. 10 டோஸ் குப்பி 12 திறந்து 84 குழந்தைகளுக்குப் போட்டிருந்தால் வீணானது 30 சதவீதம். அதைக் கணக்கிடட்டும், காரணம் எழுதட்டும், அடுத்த மாதத்துக்குத் திட்டம் போடட்டும். முதல் நாள் ஒன்று, கடைசி நாள் அதே கடினத்தில் வேறொன்று. எது முன்பு எழுதியது, எது பின்பு என்று தெரியாத இரண்டு பேர் திருத்தட்டும்.

படிக்கட்டு:
இரண்டு பேருமே வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. பயிற்சியை மதிப்பிட கிர்க்பாட்ரிக் என்ற வல்லுநர் நான்கு படி சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு வந்ததா. நீங்கள் அடித்துக்கொள்வது முதல் இரண்டில். ஆறு மாதம் கழித்து அலுவலகத்துக்கே போய்ப் பாருங்கள். வீணாகும் சதவீதம் 30லிருந்து 10க்கு வந்ததா இல்லையா?

நிறைகோல்:
10க்கு வந்தால் கொண்டாடுவீர்களா? தட்டம்மைக் குப்பியைக் கரைத்தால், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 6 மணி நேரத்தில் அல்லது முகாம் முடியும்போது, எது முந்தியோ அப்போதே தூக்கிப்போட வேண்டும். ‘பத்துப் பிள்ளை சேரட்டும், பிறகு திறக்கிறேன்’ என்று வந்த மூன்று தாய்மாரைத் திருப்பி அனுப்பினாலும் வீணாவது குறையும். அது நல்ல மேலாண்மையா? மூன்று டோஸ் தடுப்பூசி ஒன்றில் முதல் டோஸ் போட்ட 100 பேரில் மூன்றாவதுக்கு வந்தவர் 88 என்றால் இடைநிற்றல் 12 சதவீதம். அதையும் சேர்த்துப் பார்க்காமல் ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

படிக்கட்டு:
நான் ஒற்றை எண் என்று எங்கே சொன்னேன்? எத்தனை பேரை வைத்து மதிப்பிடுவது என்ற மாதிரி அளவு பற்றி முன்பொருமுறை பேசியபோதும் இப்படித்தான் என் வாயில் இல்லாததை எடுத்து வைத்தீர்கள்.

நிறைகோல்:
அதையும் பேசுவோமே. 8 மாவட்டத்திலிருந்து ஐந்தைந்து பேர் வந்தால் 40 தனி ஆள் என்று அன்று கணக்குப் போட்டது நீங்கள்தான். ஒரே மாவட்டத்தார் ஒரே மேலதிகாரி, ஒரே நிதி. அவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருக்கும் அளவு, அதாவது உள்ஒற்றுமை, 0.1 என்று வைத்தாலும் 40ஐ 1 + (5 − 1) × 0.1 = 1.4ஆல் வகுக்க வேண்டும். கையில் நிற்பது சுமார் 29 தனி ஆளுக்குச் சமம். இன்று வரை பதில் இல்லை.

வழித்துணை:
தலைப்பு என்ன, எங்கே போகிறீர்கள்? உங்கள் பதிவேட்டுத் தேர்வு கணக்கைத்தான் அளக்கும். கீழே வேலை செய்பவரிடம் குறையை முகத்துக்கு நேரே சொல்வது, கூட்டத்தை முடிவெடுக்க வைப்பது, இதெல்லாம் மேலாண்மை இல்லையா? அதற்கு எந்தப் பதிவேடு? அங்கே அவரைத்தான் கேட்டாக வேண்டும். ஒரே தாளில்.

நிறைகோல்:
அவரை ஏன் கேட்கிறீர்கள்? அவருக்குக் கீழே வேலை செய்பவர் ஐந்து பேரைக் கேளுங்கள், பெயர் எழுதாமல். ‘சென்ற மாதம் உங்கள் வேலையைப் பற்றி உங்களிடம் எத்தனை முறை பேசினார்?’ தேர்வெழுதியவரே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

படிக்கட்டு:
மோசமான மாவட்டங்களை மட்டும் பொறுக்கிப் பயிற்சிக்கு அனுப்பினால் அடுத்த முறை அளவு தானாகவே சராசரிப் பக்கம் ஏறும். அதற்கு யார் பொறுப்பு? சீட்டுக் குலுக்கி பாதிப் பேருக்கு இப்போது, மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்து என்று வைத்து இரு பாதியையும் ஒப்பிடுங்கள். இதை இரண்டு பேரும் பேசவே இல்லை.

வழித்துணை:
அந்த ஆறு மாதத்தில் பாதிப் பேருக்கு இடமாற்றம் வந்துவிடும். மிச்சமிருப்பவரில் சாதித்தவர் மட்டும் படிவத்தைத் திருப்பி அனுப்புவார். அந்த எண்ணை நம்புவீர்கள், என் தாளை நம்பமாட்டீர்கள்!

நிறைகோல்:
திருப்பி அனுப்பாதவரைப் பலன் இல்லாதவர் கணக்கில் வைத்தும் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். அதுகூடத் தெரியாமலா? திரும்பவும் கேட்கிறேன்: பயிற்றுநர் அறையில் நிற்கும்போது ‘முன்பு 4, இப்போதும் 4’ என்று எழுதிய ஒரு தாளைக் காட்டுங்கள்.

வழித்துணை:
அடுத்த தொகுதிக்கும் அதே தாள்தான். பயிற்றுநர் வெளியே நிற்பார், அவ்வளவுதான்.

நிறைகோல்:
வெளியே நின்றாலும் கட்டம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கும்?