தினமும் தேதியை மறக்கும் பிஎஸ்3: அடுத்து எங்கே பார்ப்பது?

பிளேஸ்டேஷன் 3 ஸ்லிம், 2500 வரிசை, மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மூன்று மாதமாக சுவிட்சை அணைத்தாலே நேரம் அழிந்துவிடுகிறது, கரண்ட் போனாலும் அதே கதைதான், மறுபடி போட்டால் தேதியைக் கேட்கிறது, அதைச் சரிசெய்யாமல் ஆன்லைனில் உள்ளே போக முடியவில்லை. பிளக்கில் இருக்கும்வரை கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது.

இணையம் வழியாக நேரம் வைத்தேன், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அப்புறம் பெட்டியைத் திறந்து, கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைக்கும் சிஆர்2032 பட்டன் செல்லை மாற்றினேன். பழையது ஒயர் பற்றவைத்து வந்தது, கடையில் கிடைத்ததோ வெறும் செல், அதனால் ஒயரை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன் (தெரியும், திட்டாதீர்கள்). மல்டிமீட்டரில் செல் 3.1 வோல்ட் காட்டுகிறது. ப்ளஸ் மைனஸ் மாறவில்லை, இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

இதே மாடலைத் திறந்தவர்கள் சொல்லுங்கள்: கோளாறு அந்த டேப் இணைப்பிலா, போர்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?