கேப் பாயின்ட்டின் பழைய கலங்கரை விளக்கத்தை ஏன் கைவிட்டார்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கேப் பாயின்ட்டில் 1860ல் ஏற்றிய விளக்கு, கடல் மட்டத்திலிருந்து 238 மீட்டர் உயரத்தில் மலை உச்சியில் இருந்தது. அவ்வளவு உயரம் என்றால் வெகுதூரம் தெரியுமே, அப்புறம் ஏன் கீழே இன்னொன்று கட்டினார்கள்?

பதில் 1: அந்த உயரம்தான் பிரச்சினை. உச்சியை மேகமும் மூடுபனியும் அடிக்கடி மூடிவிடும், அதாவது கப்பலுக்கு விளக்கு மிகவும் தேவைப்படும் இரவில்தான் அது கண்ணில் படாது. வானம் தெளிவாக இருந்தாலோ, முனையைச் சுற்றி வரும் கப்பல்களுக்கு ஒளி சீக்கிரமே தெரிந்துவிடும், அதை நம்பிக் கரையை மிகவும் நெருங்கிவிடுவார்கள்.

பதில் 2: 1911 ஏப்ரல் 18ஐயும் சொல்ல வேண்டும். போர்த்துகீசியப் பயணிகள் கப்பல் லூசிடானியா அன்று பெல்லோஸ் பாறையில் மோதியது. (1915ல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல் வேறு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) நல்லவேளையாகப் பெரும்பாலானோர் பிழைத்தார்கள். அதன் பிறகுதான் 87 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குக் கீழே, புதிய விளக்கைக் கட்டினார்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி, இப்போது புரிகிறது. பழையதை இடித்துவிட்டார்களா?

பதில் 2: இல்லை, இன்னும் நிற்கிறது. மேலே ஏறிப் போய்ப் பார்க்கலாம். ஒளி மட்டும்தான் இல்லை.